டெஸ்ட் பேப்பரும் மாத்திரை டப்பாவும்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல ‘சோர்வா இருந்தா ஒடனே பார்மசிக்கு ஓடாதீங்க, முதல்ல ரத்தத்தைப் பாருங்க’ன்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நெனைக்கவே இல்ல. பாதிப் பேரு ரிப்போர்ட்டையே படம் புடிச்சி அனுப்பிட்டீங்க. பேரை எல்லாம் எடுத்துட்டு, நெறைய பேருக்குப் பயன்படுற மாதிரி இருக்கிற ஏழு கடிதத்தை மட்டும் போடுறேன். நான் டயட்டீஷியன், டாக்டர் இல்ல, அதனால மருந்து விஷயத்துல கடைசி வார்த்தை உங்க டாக்டரோடதுதான், ஆனா அவர்கிட்ட என்ன கேக்கணும்ங்கிறத தெரிஞ்சிக்கிட்டுப் போனா அந்த பத்து நிமிஷம் வீணாகாது.

அக்கா, எனக்கு 34 வயசு, ரெண்டு பிள்ளைங்க, கேஎல் சென்ட்ரல் பக்கம் ஆபீஸ் வேலை. எப்பவும் அசதி, எல்ஆர்டி படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்குது. மால்ல ஒரு பூத்ல 42 டெஸ்ட் பேக்கேஜ் 388 வெள்ளிக்கு எடுத்தேன். ஆறு இடத்துல ஸ்டார் போட்டு வந்துச்சி. அங்க இருந்தவங்க ஏழு சப்ளிமென்ட் எழுதிக் குடுத்தாங்க, மாசம் 460 வெள்ளி ஆகுது. எல்லாத்தையும் வாங்கணுமா? – செந்தூல் வாசகி

ஏழும் வேணாம் தங்கச்சி. ஒண்ணு கண்டிப்பா வேணும், இன்னொண்ணு சின்ன அளவுல போதும், மிச்ச அஞ்சும் இப்போதைக்குத் தேவையில்ல.

முதல்ல அந்த ஸ்டாரைப் பத்தி சொல்லிடுறேன், ஏன்னா அதைப் பாத்துதான் எல்லாரும் பயப்படுறீங்க. லேப்ல ‘நார்மல்’னு போடுற அளவு பெரும்பாலும் எப்படி வருதுன்னா, நல்லா இருக்கிற ஒரு கூட்டத்தோட ரத்தத்தை எடுத்து, நடுவுல வர்ற 95 சதவீதத்தை வச்சிக்கிட்டு ரெண்டு ஓரத்தையும் விட்டுடுவாங்க. அப்போ நோயே இல்லாத 20 பேர்ல ஒருத்தருக்கு சும்மாவே ஸ்டார் விழும். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தா ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு ஸ்டாராவது விழுறதுக்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கு, 40 எடுத்தா 87. அதனாலதான் 42 டெஸ்ட் எடுத்தவங்க பெரும்பாலும் சுத்தமான பேப்பரோட வீட்டுக்குப் போறதில்ல, அந்த ஒவ்வொரு ஸ்டாருக்கும் ஒரு டப்பா வித்துடலாம், இதைப் பாக்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரியுது, ஏன்னா அந்த 460 வெள்ளி ஒரு குடும்பத்தோட ரெண்டு வார மளிகை.

இப்ப உங்க பேப்பருக்கு வருவோம். எச்பி, அதாவது ஹீமோகுளோபின், 11.2, பொம்பளைங்களுக்கு 12க்குக் கீழ போனா ரத்தசோகை. எம்சிவி 76, அதாவது சிவப்பணு ஒவ்வொண்ணும் வழக்கத்தை விட சின்னதா இருக்கு. பெரிட்டின் 9. இதுதான் உங்க பேப்பர்லயே முக்கியமான நம்பர், ஆனா இதுக்கு எதிர்ல விழுந்த ஸ்டாரும் ஜிங்குக்கு விழுந்த ஸ்டாரும் ஒரே சைஸ்ல இருக்கிறதால உங்களுக்குத் தெரியல. பெரிட்டின்ங்கிறது உடம்பு இரும்பைச் சேத்து வச்சிருக்கிற கிடங்கு. உலக சுகாதார நிறுவனம் 15க்குக் கீழ போனா கிடங்கு காலின்னு சொல்லுது, 30க்குக் கீழயே நெறைய டாக்டருங்க கவனிக்க ஆரம்பிச்சிடுவாங்க. உங்க அசதிக்கும் மூச்சு வாங்குறதுக்கும் பதில் இங்கயே இருக்கு.

அதே பேப்பர்ல ‘சீரம் அயர்ன்’னு ஒண்ணு இருக்கே, அது காலையில ஒண்ணு காட்டும் சாயந்திரம் ஒண்ணு காட்டும், சாப்பாட்டுக்குத் தகுந்த மாதிரியும் மாறும், அதை மட்டும் தனியா வச்சி ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. மெக்னீசியம் நார்மல்னு வந்திருக்கு, ஆனா உடம்புல இருக்கிற மெக்னீசியத்துல ஒரு சதவீதம்கூட ரத்தத்துல கிடையாது, அதனால அந்த நம்பர் பெருசா ஒண்ணும் சொல்லாது. ஜிங்க் சாப்பிட்ட பிறகு எடுத்தா கொறையும், சளி காய்ச்சல் இருந்தாலும் கொறையும், நீங்க மதியச் சாப்பாடு முடிச்சிட்டுப் போய் எடுத்ததா எழுதியிருக்கீங்க, அந்த ஸ்டாரை விட்டுடுங்க.

விட்டமின் டி 41 நானோமோல். இங்க ஒரு விஷயம் பாத்துக்குங்க, இந்த டெஸ்ட் ரெண்டு அலகுல வரும், நானோமோல்ல வந்தா 2.5ஆல வகுத்தாத்தான் நானோகிராம் கணக்கு. நெட்ல நானோகிராம் கணக்கைப் படிச்சிட்டு நானோமோல் பேப்பரோட ஒப்பிட்டுக் குழம்புறவங்க நெறைய பேரு. உங்களுது 16 நானோகிராம் சொச்சம். அமெரிக்காவோட இன்ஸ்டிடியூட் ஆப் மெடிசின் 2011ல போட்ட கணக்குப்படி 30 நானோமோலுக்குக் கீழ போனா தெளிவான குறை, 50 இருந்தா பெரும்பாலானவங்களுக்குப் போதும். நீங்க நடுவுல நிக்கிறீங்க. விடியறதுக்கு முன்ன கெளம்பி, ஏர்கான்ல உக்காந்து, இருட்டுனப்பறம் வீடு திரும்பினா வெயில் ஊர்ல இருந்தும் இதான் வரும், கண்ணாடி சன்னல் வழியா வர்ற வெயில்ல அந்த சத்து உண்டாகாது. தினம் 600லருந்து 1000 ஐயூ போதும், மதிய இடைவேளையில கொஞ்ச நேரம் வெளிய நடங்க. அவங்க எழுதிக் குடுத்த தினம் 10,000 ஐயூ வேணாம், டாக்டர் பாக்காம பெரியவங்க தினம் போடுறதுக்கு மேல் எல்லையே 4000தான். ரொம்ப ஏறினா ரத்தத்துல கால்சியம் கூடி வாந்தி, மலச்சிக்கல், கிட்னி கல்லு வரைக்கும் போகும்.

இரும்புக்கு டாக்டரைப் பாருங்க. கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசு சுகாதார கிளினிக்) குடுக்கிற சாதாரண பெரஸ் பியூமரேட் 200 மில்லிகிராம் மாத்திரையில 65 மில்லிகிராம் அளவுக்கு நெஜ இரும்பு இருக்கு, அது போதும், தங்க நெற டப்பா தேவையில்ல. தினமும் போடணுமா ஒரு நாள் விட்டு ஒரு நாளான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, 2017ல லான்செட் ஹெமட்டாலஜி இதழ்ல வந்த ஆய்வுல இரும்பு கொறைஞ்ச பொம்பளைங்களுக்கு ஒரு நாள் விட்டுப் போட்டப்போ உடம்பு நல்லா எடுத்துக்கிச்சி, வயித்துத் தொந்தரவும் சிலருக்குக் கொறையும். மாத்திரையை எலுமிச்சை ஜூஸோட போடுங்க, தே தாரிக்கும் பாலும் அதுக்குப் பக்கத்துலயே வரக்கூடாது, ஒரு மணி ரெண்டு மணி நேரம் தள்ளி வைங்க, டீயில இருக்கிற துவர்ப்பு இரும்பைப் புடிச்சிக்கும். எச்பி ஏறினதும் நிறுத்திடாதீங்க, கிடங்கு நெறைய இன்னும் மூணு மாசம் ஆகும். அப்பறம் நான் முக்கியமா கேக்கிறது, மாதவிடாய் எத்தனை நாள், எத்தனை பேட், கட்டி கட்டியா போகுதா? அதை ரிப்போர்ட்ல யாரும் எழுதல, நீங்களும் கடிதத்துல எழுதல, ஆனா 34 வயசுல கிடங்கு காலியாகுறதுக்கு பெரும்பாலும் அதுதான் வாசல். டாக்டர்கிட்ட கூச்சப்படாம சொல்லுங்க.

கையில ஒரு இரும்புக் குச்சியைப் புடிக்கச் சொல்லி, ஒரு நிமிஷத்துல கம்ப்யூட்டர்ல 30 பக்கம் ரிப்போர்ட் வருது, விட்டமின், மினரல் எல்லாம் எவ்ளோன்னு காட்டுது. இது ரத்தப் பரிசோதனைக்குச் சமமா? – ஜாலான் ஈப்போ வாசகர்

இல்லைங்க. ரத்தமே எடுக்காத ஒரு மெஷின் ரத்தத்துல இருக்கிற பி12ஐ அளக்க முடியாது. விரல்ல ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப் திரையில காட்டி ‘பாருங்க உங்க அணு ஒட்டிக்கிட்டிருக்கு’ன்னு சொல்றதையும் நம்பாதீங்க, கண்ணாடித் துண்டு காய்ஞ்சாலே அணு அப்படி ஒட்டும். டெஸ்ட் பண்றவரும் டப்பா விக்கிறவரும் ஒரே ஆளா இருந்தா எழுந்து வந்துடுங்க. வாங்கித்தான் ஆகணும்னா டப்பாவுல எம்ஏஎல்னு தொடங்குற பதிவு நம்பர் இருக்கான்னு பாருங்க, ஹோலோகிராம் ஸ்டிக்கர் பாருங்க, அந்த நம்பரை மருந்துகளைப் பதிவு பண்ற அரசு அமைப்பான என்பிஆர்ஏ வெப்சைட்ல போட்டா அது நெஜமா பதிவான பொருளான்னு தெரிஞ்சிடும்.

எனக்கு 58 வயசு, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) 11 வருஷமா, மெட்பார்மின் சாப்பிடுறேன், கேஸ்ட்ரிக்குக்கு ஒமெப்ரசோலும் உண்டு. ஆறு வருஷமா சுத்த சைவம். ராத்திரியானா உள்ளங்கால் எரியுது. பி12 டெஸ்ட் 182 வந்துச்சி, பேப்பர்ல 138லருந்து 652 நார்மல்னு இருக்கு, மகன் ‘நார்மல்தான்பா’ன்னு சொல்றான். – பட்டர்வொர்த் வாசகர்

ஐயா, மகன் பேப்பரைச் சரியாத்தான் படிச்சிருக்காரு, ஆனா பேப்பருக்கு உங்க கால் எரியறது தெரியாது. உங்க 182 பிகோமோல் அலகுல இருக்கு, பிகோகிராமுக்கு மாத்தினா 247 கிட்ட. 200லருந்து 300 வரைக்கும் சாம்பல் இடம்னு சொல்லுவாங்க, அங்க இருக்கிற சிலருக்கு உடம்புக்குள்ள குறை ஏற்கனவே நடந்துக்கிட்டிருக்கும். உங்க விஷயத்துல சந்தேகப்பட மூணு காரணம் இருக்கு. மெட்பார்மின் பி12 உள்ள போறதைக் கொறைக்கும், வருஷம் ஆக ஆக இன்னும் கொறைக்கும், 2022ல பிரிட்டனோட மருந்துக் கண்காணிப்பு அமைப்பே அறிகுறி இருக்கிற மெட்பார்மின் நோயாளிக்கு பி12 பாக்கச் சொல்லி டாக்டருங்களுக்கு எழுதுச்சி. ஒமெப்ரசோல் வயித்து அமிலத்தைக் கொறைச்சி, சாப்பாட்டுல ஒட்டியிருக்கிற பி12 பிரிஞ்சி வர்றதைத் தடுக்கும். அப்பறம் கீரை பருப்புல பி12 கிடையாது, தெம்பேவை நம்ப முடியாது, சைவத்துல பாலும் தயிரும்தான் கைகொடுக்கும், நீங்க தேநீர்ல ஊத்துற கண்டென்ஸ்டு மில்க் ஒரு கரண்டி அதுக்குப் போதாது.

டாக்டர்கிட்ட மெத்தில்மலோனிக் ஆசிட் இல்ல ஹோமோசிஸ்டீன் டெஸ்ட் பாக்கலாமான்னு கேளுங்க, பி12 உண்மையிலேயே பத்தலைன்னா அதுங்க ஏறியிருக்கும், கிட்னி பலவீனமா இருந்தாலும் ஏறும்ங்கிறதால கிட்னி ரிப்போர்ட்டையும் கூடவே காட்டுங்க. சில டாக்டருங்க அறிகுறியைப் பாத்து நேரா பி12 ஆரம்பிச்சிடுவாங்க, அதுவும் நியாயம்தான். கால் எரிச்சல் இனிப்பு நீராலயும் வரும், அதுக்காக பி12ஐ விட்டுடக்கூடாது, நரம்பு ரொம்ப நாள் பட்டினி கெடந்தா திரும்பி வராம போயிடும்.

ரெண்டு விஷயம் சொல்லாம விட முடியாது. மெட்பார்மினை நீங்களா நிறுத்திடாதீங்க. அப்பறம் பக்கத்து வீட்டுல குடுத்த ‘நரம்பு மாத்திரை’ தினம் ரெண்டு போடுறதா எழுதியிருக்கீங்க, அந்த வகை மாத்திரை சிலதுல பி6 மட்டும் 100, 200 மில்லிகிராம் இருக்கும், அதை மாசக்கணக்குல அதிகமாப் போட்டா பி6ஏ கால் மரத்துப் போறதையும் எரிச்சலையும் உண்டாக்கும். அட்டையை எடுத்துக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. போலிக் ஆசிட்டும் தனியா அதிகமாப் போடாதீங்க, ரத்தசோகையை மட்டும் சரிபண்ணிட்டு நரம்பு கெடுறதை மறைச்சிடும்.

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம், தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிறேன். விரதம் முடிஞ்சதும் பி12 டெஸ்ட் எடுக்கணுமா? வயசு 26. – ஜார்ஜ்டவுன் வாசகர்

அதுக்குன்னு வேணாம் தம்பி. பி12 ஈரல்ல வருஷக்கணக்குக்குச் சேமிப்பு இருக்கும், 48 நாள்ல கரையாது, பால் தயிர் வேற சாப்பிடுறீங்க. ஆனா கடிதத்தோட கடைசியில ‘மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்ததானம் பண்றேன்’னு ஒரு வரி இருக்கே, எனக்கு அதுதான் கண்ணுல பட்டுச்சி. நல்ல காரியம், தொடர்ந்து பண்ணுங்க. ஒரு தடவை 450 மில்லி குடுத்தா அதோட 200லருந்து 250 மில்லிகிராம் இரும்பு போகுது, சாப்பாட்டுலருந்து உடம்பு எடுத்துக்கிறது ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு மில்லிகிராம்தான். தானத்துக்கு முன்ன விரல்ல குத்திப் பாக்கிறது எச்பி, அது நல்லா இருக்கும்போதே பெரிட்டின் கீழ போயிருக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை பெரிட்டின் மட்டும் பாருங்க, காய்ச்சல் சளி இல்லாதப்போ எடுங்க, உடம்புல அழற்சி இருந்தா பெரிட்டின் பொய்யா ஏறிக் காட்டும்.

பாயான் லெப்பாஸ் பேக்டரியில ஷிப்ட் வேலை. முடி கொட்டுதுன்னு பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் அஞ்சு மாசமா போடுறேன். மெடிக்கல் செக்கப்ல தைராய்டு அதிகமா வேலை செய்யுதுன்னு வந்திருக்கு, தூக்கமே போச்சு. – பாயான் லெப்பாஸ் வாசகி

பயப்படாதீங்க, முதல்ல டாக்டர்கிட்ட பயோட்டின் போடுறதைச் சொன்னீங்களா? பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும், நீங்க போடுறது அதுல முந்நூறு மடங்குக்கு மேல. பல லேப் மெஷின்கள் டெஸ்ட் பண்றதுக்கே பயோட்டினைத்தான் ஒட்டுற பசை மாதிரி பயன்படுத்துது, ரத்தத்துல அது வழிஞ்சிக்கிட்டிருந்தா மெஷின் ஏமாந்து டிஎஸ்எச்சைக் (தைராய்டைத் தூண்டுற ஹார்மோன்) கொறைச்சும் டி4ஐக் (தைராய்டு சுரக்கிற ஹார்மோன்) கூட்டியும் காட்டும், பாக்கிறவங்களுக்கு அச்சு அசலா தைராய்டு நோய் மாதிரியே இருக்கும். 2017ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எப்டிஏ இதுக்கு எச்சரிக்கையே விட்டுச்சி, நெஞ்சு வலிக்குப் பாக்கிற ட்ரோபோனின் டெஸ்ட்டும் இதனால தப்பா வரும், அது உயிர் விஷயம். குறைஞ்சது ரெண்டு மூணு நாள் நிறுத்திட்டு திரும்ப எடுக்கலாமான்னு கேளுங்க, அதுவரைக்கும் தைராய்டு மாத்திரை ஆரம்பிக்க அவசரப்பட வேணாம்னும் பேசுங்க. நெஞ்சு படபடப்பு, எடை கொறையறது இருந்தா மட்டும் காத்திருக்காதீங்க. முடிக்கு வந்தா, பயோட்டின் குறை ரொம்ப அபூர்வம், பெரிட்டின் பாத்தீங்களா?

மகளுக்கு 17 வயசு. எச்பி 11, எம்சிவி 66. ரெண்டு வருஷமா இரும்பு மாத்திரை குடுக்கிறேன், ஏறவே இல்ல. இன்னும் ஸ்ட்ராங்கா வாங்கவா? – பிரிக்பீல்ட்ஸ் தாய்

வாங்காதீங்கம்மா. அனுப்பின படத்துல பெரிட்டின் 96 இருக்கு, கிடங்கு நெறைஞ்சிதான் இருக்கு. சிவப்பணு எண்ணிக்கை 5.8, இரும்பு பத்தாத பிள்ளைக்கு பெரும்பாலும் எண்ணிக்கை கொறையும், மகளுக்குக் கூடியிருக்கு. எம்சிவியை எண்ணிக்கையால வகுத்தா 11 சொச்சம் வருது, 13க்குக் கீழ வந்தா தலசீமியாங்கிற பரம்பரை ரத்தக் கோளாறோட கேரியரான்னு, அதாவது அதை மரபுல சுமக்கிறவரான்னு பாக்கணும்னு ஒரு பழைய கணக்கு உண்டு. நம்ம மலேசியாவுல மலாய்க்காரங்க, சீனர், நம்மவங்கன்னு எல்லார்கிட்டயும் இது இருக்கு, அதனாலதான் 2016லருந்து படிவம் நாலு பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல தலசீமியா ஸ்கிரீனிங் வச்சாங்க, மகளுக்கு அப்ப எடுத்தாங்களா, அந்தத் தாள் வீட்டுல இருக்கான்னு தேடுங்க. இல்லைன்னா ஹீமோகுளோபின் வகையைப் பிரிச்சிப் பாக்கிற எச்பி அனாலிசிஸ் கேளுங்க, ஆல்பா வகைக்கு டிஎன்ஏ டெஸ்ட் தேவைப்படலாம்.

கேரியர்னு வந்தா அது நோய் இல்ல, அவ படிக்கலாம், ஓடலாம், எல்லாம் பண்ணலாம், மருந்தே வேணாம். தேவையில்லாம இரும்பைக் குடுத்துக்கிட்டே இருந்தா உடம்புக்கு அதை வெளிய தள்ள வழி கிடையாது. நாளைக்குக் கல்யாணம்னு வர்றப்போ மாப்பிள்ளைக்கும் டெஸ்ட் பாக்கணும், ஒரே வகை கேரியர் ரெண்டு பேர் சேந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு கடுமையான வகை வர வாய்ப்பு. நீங்களும் அவ அப்பாவும் தம்பியும் கூட எடுத்துடுங்க.

அப்பாவுக்கு 66. எச்பி 9.8, பெரிட்டின் 11. முட்டி வலிக்கு நாலஞ்சு வருஷமா வலி மாத்திரை போடுறாரு. எந்த அயர்ன் சிரப் நல்லது, வயித்தைப் பிடிக்காத மாதிரி ஒண்ணு சொல்லுங்க அக்கா. – ஆயர் ஈத்தாம் வாசகி

சிரப் பேரு நான் எழுதல தங்கச்சி, ஏன்னு சொல்றேன்.

எங்க பெரியம்மா வீட்டு சமையல்கட்டுல மாரி பிஸ்கட் டின் ஒண்ணு இருக்கும், அதுல பதினொரு டப்பா, மூடி மேல மார்க்கர்ல ‘காலை’, ‘இரவு’ன்னு அவங்களே எழுதி வச்சிருப்பாங்க. 64 வயசுல எச்பி கொறைஞ்சப்போ அந்த டின்ல பன்னெண்டாவதா இரும்பு மாத்திரை சேந்துச்சி. கொஞ்சம் ஏறுச்சி, எல்லாரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான், அப்ப நான் வேலையில சேந்து ரெண்டு வருஷம். எட்டு மாசம் கழிச்சி மறுபடி இறங்குச்சி, அப்பறம்தான் ஒரு டாக்டர் ‘இரும்பு எங்க போகுது’ன்னு கேட்டாரு. பெருங்குடல்ல கட்டி. ஆபரேஷன் பண்ணி இன்னும் ஆறு வருஷம் எங்களோட இருந்தாங்க. அந்த எட்டு மாசத்தை நெனைச்சா இப்பவும் எனக்கு மனசு ஆறல.

66 வயசு ஆம்பளைக்கு மாதவிடாய் கிடையாது, சாப்பாடும் ஓரளவு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அப்ப பெரிட்டின் 11க்கு இறங்கினா ரத்தம் எங்கயோ கசியுதான்னு பாத்தே ஆகணும். வலி மாத்திரை வயித்துல புண்ணாக்கிக் கொஞ்சம் கொஞ்சமா கசிய வைக்கும், அதுவா இருக்கலாம், வேற ஒண்ணாவும் இருக்கலாம், கேமரா குழாய் விட்டுப் பாக்கிற ஸ்கோப் பண்ணாதான் தெரியும், மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும். இரும்பு ஆரம்பிச்சிட்டா மலம் கறுப்பாப் போகும், கசிவாலயும் கறுப்பாப் போகும், ரெண்டும் குழம்பிடும், அதனால இப்ப மலம் எந்த நெறத்துல போகுதுன்னு அப்பாகிட்ட இன்னைக்கே கேட்டு எழுதி வைங்க. தார் மாதிரி கறுப்பா இருந்தாலோ, தலை சுத்தினாலோ, நெஞ்சு வலிச்சாலோ காத்திருக்காம எமர்ஜென்சிக்குப் போங்க.

மத்தபடி இந்த வாரத்துக்குள்ளயே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ரிப்போர்ட்டை எடுத்துக்கோங்க, போன வருஷ ரிப்போர்ட் இருந்தா அதையும். வலி மாத்திரை அட்டையை மறக்காம எடுத்துக்கோங்க, கடையில வாங்கினது, தைலம், நாட்டு மருந்து எல்லாம் ஒரே பையில போட்டு மேசை மேல வைங்க. ‘இரும்பு குடுங்க’ன்னு ஆரம்பிக்காதீங்க, ‘இரும்பு ஏன் கொறைஞ்சிச்சி’ன்னு கேளுங்க. பாத்துட்டு என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க, சாப்பாட்டு லிஸ்ட் நான் போட்டுத் தர்றேன்.